புகைக்குழாய் போகும் அறை

மார்ச் 3

சின்னவனுக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே. எடுத்தாலும் "ம்", "சரி", "சிக்னல் இல்ல அண்ணி". இந்த மூணைத் தவிர நாலாவது வார்த்தை வர்றதில்ல. உன் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வருதோ அங்க இருக்கற ஏஜென்ட் ஆபீஸுக்குக் கடிதம் போட்டா உன் கைக்கு வந்துடும்னு கம்பெனியில விசாரிச்சேன். கடிதத்துல சிக்னல் போகாது பாரு. அதான் எழுதறேன்.

உங்க அண்ணன் போய் ஒரு வருஷம் தாண்டிடுச்சு. இந்த ஒரு வருஷமா செருப்புக் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு ஈ ஓட்டறேன். போன வாரம் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு ஆள்தான் உள்ள வந்தார். அவரும் பஸ் ஸ்டாப் எங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டார். மத்தவங்க வர்றாங்க, காலை நீட்டறாங்க, அளவு பாக்கறாங்க, போட்டு நாலு அடி நடக்கறாங்க. அப்புறம் என் கண்ணு முன்னாடியே போனை எடுத்து அதே ஷூவை எங்கேயோ ஆர்டர் போடறாங்க. உங்க அண்ணனா இருந்தா ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சே ஒரு ஜோடி தலையில கட்டியிருப்பார். எனக்கு அந்த வாய் இல்ல.

அதனால ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். கடையை ஃபாஸ்ட் ஃபுட் கடையா மாத்தப் போறேன். பொரிச்ச கோழி, பர்கர், ஃப்ரைஸ், கூல் டிரிங்க்ஸ். சிரிக்காதே. நம்ம தெரு இப்ப நீ பாத்த தெரு இல்ல. மத்த கட்டடங்கள்ல மாடி பூரா ஆபீஸ், பக்கத்துலேயே காலேஜ், முனையில சினிமா. மத்தியானம் வாசல்ல நின்னா அத்தனை பேரும் பசியோட போறது தெரியுது. செருப்பு இல்லாம ஒருத்தரும் போகல.

நான் தனியா இறங்கல. மால்ல இருக்கற பெரிய கடையில ஷிஃப்ட் மேனேஜரா இருந்த ஒரு பொண்ணு கூட்டு சேர்றா. கெட்டிக்காரி. எண்ணெயை எப்ப மாத்தணும், கோழியை எப்ப எடுக்கணும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நானும் சாயந்திரத்துல அவகிட்ட கத்துக்கறேன். ஐம்பது தாண்டினப்புறம் தலையில தொப்பி மாட்டிக்கிட்டுத் திட்டு வாங்கறேன். வெங்காயத்தை வட்டமா வெட்டத் தெரியலையாம் எனக்கு.

இடம் என் பேர்லதான் இருக்கு, உன்கிட்ட அனுமதி கேக்கணும்னு இல்ல. ஆனா உனக்குச் சொல்லாம அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கவும் எனக்கு மனசு வரல. நீ என்ன சொல்றே? நல்லா சாப்பிடறியா? மெலிஞ்சு போகாதே.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

கடிதம் கிடைச்சுது. உடனே பதில் எழுத உக்காந்தேன், எழுதினதைக் கிழிச்சுப் போட்டேன். இது மூணாவது.

அது அப்பா ஆரம்பிச்ச கடை. அப்பா போனதும் அண்ணன் காலேஜை விட்டுட்டு அதுல போய் உக்காந்தார், எனக்குச் சோறு போடறதுக்காக. ஊர்ல பாதிப் பேரோட கால் அளவு அவருக்கு மனப்பாடம். முகம் மறந்துடும், கால் மறக்காது. வந்தவர் ஜட்ஜா இருந்தாலும் சரி, மூட்டை தூக்கறவரா இருந்தாலும் சரி, முன்னாடி மண்டி போட்டு உக்காந்து காலைத் தன் மடியில வச்சுக்குவார். அந்த இடத்துல எண்ணெய்ச் சட்டி வைக்கப் போறீங்களா?

நான் இங்க இன்ஜின் ரூம்ல நிக்கும்போது மணியைப் பாத்து, இப்ப அண்ணன் ஷட்டரைத் தூக்கறார், இப்ப கண்ணாடி துடைக்கறார்னு நினைச்சுக்குவேன். கண்ணை மூடினா கடைக்குள்ள இருக்கார். எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதை உடைச்சுக் கோழிக் கடை போடணும்னு யார் உங்க மனசுல போட்டாங்க? அந்த மேனேஜர் பொண்ணா?

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல. அந்தக் கடைக்கு நீங்க அப்புறமா வந்தவங்க அண்ணி. அதனாலதான் உங்களுக்கு அது வெறும் இடமாத் தெரியுது.

அண்ணன் போனப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். கரை சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. எப்படிப் போனார்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு முழுசாச் சொல்லல. "ஹார்ட் அட்டாக்." அவ்வளவுதான். நீங்களும் சொல்லல. முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் கோழி பொரிக்கலாம்.

— நான்


ஏப்ரல் 18

சின்னவனுக்கு,

"அப்புறமா வந்தவங்க." சரி. நான் வந்தப்ப உனக்குப் பதினோரு வயசு. கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தே. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன். எழுதினா செஞ்சதுக்குக் கூலி கேக்கற மாதிரி ஆயிடும்.

உங்க அண்ணன் எப்படிப் போனார்னு கேட்டே. சொல்றேன்.

சாயந்திரம். நல்ல மழை. கடையில ஒரு டீச்சர் அம்மா இருந்தாங்க. நாள் பூரா நின்னு பாடம் எடுத்துக் கால் வீங்கினவங்க, அதுக்குத் தோதா ஒரு ஷூ வேணும்னு வந்திருந்தாங்க. உங்க அண்ணன் மண்டி போட்டு உக்காந்து வலது காலுக்கு மாட்டிவிட்டுக் கட்டைவிரலால முன்பக்கம் அமுக்கிப் பாத்தார். "எங்க இறுக்குது?"ன்னு கேட்டார். அந்தம்மா குனிஞ்சு "இங்க"ன்னு தொட்டுக் காட்டினாங்க. அவர் பதில் சொல்லல. தலை அப்படியே அவங்க முழங்கால்ல சாய்ஞ்சிடுச்சு. கல்லாவுல உக்காந்திருந்த நான், என்ன இந்த மனுஷன் வாடிக்கையாளர்கிட்ட விளையாடறாரேன்னு நினைச்சேன். நினைச்சேன்டா. சிரிக்கக்கூடச் சிரிச்சேன்.

அந்த டீச்சர்தான் ஒரு கால்ல புது ஷூவும் ஒரு கால் வெறுங்காலுமா மழையில தெருவுக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கை சில்லிட்டுப் போச்சு.

"எங்க இறுக்குது?" அதுதான் அவர் கடைசியாப் பேசினது. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. உன்னைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. அதனாலதான் உன்கிட்ட சொல்லாம இருந்தேன். வேற ஏதாவது பெரிய வார்த்தை இருந்திருக்கும்னு நீ நினைச்சுக்கிட்டு இருந்தா, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மூணாவது ரேக்குக்கு முன்னாடி நடந்துச்சு அது. ஒரு வருஷமா நான் அந்த இடத்தை மிதிக்காம சுத்திக்கிட்டுப் போறேன். கடைக்கு வர்றவங்க, இந்தம்மா என்ன இப்படி வளைஞ்சு நடக்குதுன்னு பாக்கறாங்க. நீ கண்ணை மூடினா அண்ணன் கடையில இருக்கார்ங்கறே. நான் கண்ணைத் திறந்தாலே அங்க சாய்ஞ்சு கிடக்கார். தினமும் ஷட்டரைத் தூக்கறது நான்தானே.

பிளான் போடறவர் படத்தை விரிச்சுக் காட்டினார். நாற்காலி, மேசை, கை கழுவற இடம். அந்த இடத்துல என்ன போட்டிருந்தார் தெரியுமா? குப்பைத் தொட்டி. "கதவுக்குப் பக்கம் மேடம், போறவங்க போட்டுட்டுப் போக வசதி"ன்னார். வேண்டாம்னேன். ஏன்னார். சும்மான்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு, சும்மா வேண்டாம்னா எப்படின்னு. திரும்பத் திரும்ப மாத்தினார். கடைசியில அங்க ஆர்டர் வாங்கற கவுண்ட்டர் வந்திருக்கு. நானே நிக்கப் போறேன். வேற யாரும் அங்க நிக்க வேண்டாம்.

கடையை மாத்த நகராட்சியில அனுமதி கேட்டிருக்கேன், அவங்க நோட்டீஸை வாசல் கண்ணாடியில ஒட்டியாச்சு. மூணு வாரத்துக்குள்ள யார் வேணும்னாலும் ஆட்சேபணை சொல்லலாமாம். சொல்றவங்க சொல்லட்டும்.

அண்ணி


மே 6

அண்ணி,

ஆட்சேபணை அனுப்பியிருக்கேன். வேற யார் வாயாலயும் நீங்க கேக்கக் கூடாதுன்னு நானே எழுதறேன்.

பிளானை நகராட்சி இணையத்துல போட்டிருக்காங்க, பாத்தேன். அடுப்புக்கு மேல இருந்து வர்ற புகைக்குழாயைப் படிக்கட்டு ஓரமா மேல கொண்டுபோறாங்க. எண்ணெய் ஆவி குழாய்க்குள்ள போய்ப் படியும். மெழுகு மாதிரி உறைஞ்சிருக்கும். ஒரு பொறி உள்ள போனா போதும், குழாய் முழுக்க எரியும். கப்பல் கிச்சன்ல அப்படிப் பிடிச்ச தீயை நான் அணைச்சிருக்கேன். நீங்க மாடியில தூங்கறீங்க. இறங்கி ஓட அந்தப் படிக்கட்டை விட்டா வேற வழி இல்ல. இதைத்தான் எழுதியிருக்கேன். இது நிஜம்.

ஆனா இது மட்டும்தான் காரணம்னு சொன்னா பொய். கடை மாறவே கூடாதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். இதைச் சாக்கா வச்சு நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன். இப்பவும் நினைக்கறேன்.

அண்ணனைப் பத்தி நீங்க எழுதினதை இன்ஜின் ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன். அங்க இருக்கற சத்தத்துல யார் என்ன பண்ணினாலும் வெளிய கேக்காது.

— நான்


ஜூன் 9

சின்னவனுக்கு,

விசாரணை முடிஞ்சுது.

ஒரு நீளமான அறை. ஃபேன் சுத்துது, காத்து வரல. அந்தப் பக்கம் மூணு ஆபீசர், இந்தப் பக்கம் நானும் மேனேஜர் பொண்ணும் பிளான் போட்டவரும். மொத்தம் மூணு ஆட்சேபணை. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர், மூக்குக்கண்ணாடி எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஆயிடும்னு எழுதியிருந்தார். பக்கத்து மாடி வக்கீல், கூட்டம் கூடும், சத்தம் வரும்னு எழுதியிருந்தார். மூணாவதா உன்னோடதை எடுத்தாங்க. நடுவுல உக்காந்திருந்த ஆபீசர் அம்மா வாய்விட்டு முழுசாப் படிச்சாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தே. எழுத்தாளன் மாதிரி.

படிச்சு முடிச்சிட்டு, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க.

"கொழுந்தன்"னேன்.

"சொந்தக்காரரே எதிர்க்கறாரே"ன்னு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தாங்க. அத்தனை பேரும் பாத்தாங்க. பூமி பிளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு எனக்கு. உன்மேல வந்த கோபத்துக்கு அளவே இல்ல. ஆனா வாயைத் திறந்தப்ப, "அவன் எதிர்க்கல மேடம், பயப்படறான்"னு வந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. எங்கிருந்து வந்துச்சோ.

அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா நீ சொன்னது சரின்னு அவங்க இன்ஜினீயரும் சொல்லிட்டார். படிக்கட்டு ஓரமாக் குழாய் போகக் கூடாதாம். கடையோட பின்பக்கம் அடுப்பு இருக்கற இடத்துல இருந்து நேரா மேல, மாடிப் பின்னறை வழியா, கூரையைத் துளைச்சுக்கிட்டுப் போகணுமாம்.

மாடிப் பின்னறை எதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. படிக்கட்டு தப்பிச்சுது, உன் அறை மாட்டிக்கிச்சு. நீ எழுதினதுனாலதான் அப்படி ஆச்சு. குத்திக் காட்டல, நடந்ததைச் சொல்றேன். தரையில ஒரு ஓட்டை, கூரையில ஒரு ஓட்டை. குழாயைச் சுத்தி நெருப்புத் தாங்கற மாதிரி சுவர் கட்டணும். ஜன்னலையும் அடைச்சிடணும். மிச்சம் இருக்கற இடத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காரலாம், அவ்வளவுதான்.

ஜூலை கடைசியில உடைக்க ஆரம்பிக்கறாங்க. உன் கட்டில், மேசை, புஸ்தகம், பழைய சட்டை, எல்லாம் நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு. வந்து எடுத்துக்கோ. வர முடியலைன்னா என்ன செய்யணும்னு சொல்லு. வந்துடு. வந்து என்கூட நாலு வார்த்தை சண்டை போட்டாலும் பரவாயில்ல.

அண்ணி


ஜூன் 30

அண்ணி,

வர முடியாது. ஒப்பந்தம் அக்டோபர் வரைக்கும் இருக்கு. நடுவுல விட மாட்டாங்க. நான் கேக்கவும் இல்ல.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க.

குழாய் வளையற ஒவ்வொரு இடத்துலயும் திறந்து சுத்தம் பண்ற மாதிரி மூடி வைக்கச் சொல்லுங்க. செலவாகும்னு விட்டுடப் பாப்பாங்க, விடாதீங்க. அடுப்புக்கு மேல இருக்கற வடிகட்டியை தினமும் கழட்டி வெந்நீர்ல ஊற வைக்கணும். எண்ணெய் காயும்போது ஆள் நகரக் கூடாது. என்ன அவசரமா இருந்தாலும். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. மூடியால மூடுங்க, கேஸை அணைங்க, வெளிய ஓடுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க.

ஆபீசர்கிட்ட நீங்க சொன்னது சரிதான்.

— நான்


ஆகஸ்ட் 22

சின்னவனுக்கு,

தூக்கிப் போட்டுடுங்கன்னு எழுதினே. நானே போய்க் காலி பண்ணினேன். ஆளை விட மனசு வரல.

உன் அறையில ஜன்னலை மறைச்சு ஷூ பெட்டியா அடுக்கி ஒரு சுவர் கட்டி வச்சிருந்தியே. பக்கத்துச் சந்து விளக்கு கண்ணுல அடிக்குது, தூங்க முடியலைன்னு. நீ கப்பலுக்குப் போனப்புறம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதை எடுத்துடலாம், அறை வெளிச்சமா இருக்கும்னு. உங்க அண்ணன் ஒரு பெட்டியைத் தொட விட மாட்டார். "அவன் வந்தா தூங்கணும்ல"ம்பார். நானும் அதெல்லாம் காலிப் பெட்டின்னுதான் இவ்வளவு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். இறக்கினா கனக்குது. திறந்து பாக்கறேன், எல்லாத்துலயும் புது ஜோடி. கடைச் சரக்குடா. அந்தக் காலத்துல நல்லா ஓடின மாடல் எல்லாம். கீழ வந்து கேட்டவங்களுக்கு "ஸ்டாக் இல்ல"ன்னு கை விரிச்சு அனுப்பிட்டு மேல உன் தூக்கத்துக்காக இப்படியே விட்டு வச்சிருந்திருக்கார் மனுஷன்.

யாருக்காவது குடுக்கலாம்னு எடுத்தேன். அடிப்பாகம் காய்ஞ்சு போய்க் கையிலேயே பொடியா உதிருது. ஒரு ஜோடி கூடத் தேறல. மூட்டை கட்டிக் குப்பை வண்டியில போட்டேன். போட்டுட்டுத் தெருவுலேயே நின்னுக்கிட்டிருந்தேன், வண்டிக்காரர் "வேற ஏதாவது இருக்காம்மா"ன்னு கேட்கற வரைக்கும்.

கட்டிலும் மேசையும் என் அறைக்கு வந்துடுச்சு. நடக்க இடம் இல்ல. காலையில எழுந்தா முதல்ல முட்டியில இடிக்குது. புஸ்தகத்தை எல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்.

அப்புறம் உடைச்சாங்க. கூரையை முதல்ல. மறுநாள் தரை. கொத்தனார் கடைசிக் கல்லைத் தட்டினதும் பொதபொதன்னு கீழ விழுந்துச்சு. தூசி அடங்கினதும் எட்டிப் பாத்தேன். கீழ பாத்தா கடைத் தரை, மேல பாத்தா வானம். நடுவுல நான் உன் அறையில நிக்கறேன். என்னால அடக்க முடியல. அங்கேயே சுவத்துல சாய்ஞ்சு உக்காந்துட்டேன். கொத்தனார் உளியைக் கீழ வச்சார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா"ன்னு இறங்கிப் போயிட்டார். ஒரு டீ குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் முகம் கழுவிட்டு வர்ற வரைக்கும் படியிலேயே உக்காந்திருந்திருக்கார்.

நீ சொன்ன மூடி எல்லாம் வச்சாச்சு. குழாய் போடறவர் முணுமுணுத்தார். கப்பல் இன்ஜினீயர் சொல்லியிருக்கார்னு சொன்னதும் வாயை மூடிக்கிட்டார்.

அடுத்த மாசம் திறக்கறோம். கூட வேலைக்கு நாலு பேர். எனக்கு இன்னும் வெங்காயம் வட்டமா வரல.

அண்ணி


அக்டோபர் 11

அண்ணி,

நேத்து வந்தேன்.

ஒப்பந்தம் முடிஞ்சு இறங்கினேன். உங்களுக்குச் சொல்லல. சொன்னா வழியில மனசு மாறினாலும் திரும்பிப் போக முடியாது. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தேன். தெரு முனையில திரும்பினதும் வழக்கம் போல இடது பக்கம் பாத்தேன். கண்ணு கூசற மாதிரி விளக்கு. வாசல் வரைக்கும் வரிசை. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் வாசல்ல போய் நின்னேன்.

நீங்க தொப்பி போட்டுக்கிட்டு கவுண்ட்டர்ல நின்னீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு குழந்தை நின்னு என்னவோ சொல்லிச்சு. நீங்க சிரிச்சீங்க.

நிமிர்ந்து பாத்தேன். சந்துப் பக்கம் என் ஜன்னல் இருந்த இடம் வெறும் சுவர். கூரைக்கு மேல குழாய். புகை தெரியல, காத்து மட்டும் லேசா நடுங்கிச்சு. நல்லாப் போட்டிருக்காங்க.

அப்ப என்னை அறியாமலே அண்ணனைத் தேட ஆரம்பிச்சேன். வரிசைக்கு உள்ள, மேசைக்கு நடுவுல. அவர் மண்டி போட்டு உக்காந்திருப்பாரே, கீழ பாக்கணும்னு மேசைக்கு அடியில எல்லாம் கண்ணு போச்சு. எத்தனை கால். எல்லாம் யார் யார் காலோ. அவர் இல்ல. எங்கயும் இல்ல.

அண்ணன் செத்துட்டார் அண்ணி. நேத்து சாயந்திரம்தான். நீங்க எல்லாரும் அழுது ஓய்ஞ்சு இவ்வளவு நாள் கழிச்சு, நான் நடுத்தெருவுல நின்னு ஓன்னு அழுதேன். கண்ணாடிக்காரர் ஓடி வந்து ஸ்டூல் போட்டு உக்கார வச்சுத் தண்ணி குடுத்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியல. "பார்வை ஏதாவது பிரச்சினையா தம்பி?"ன்னு கேட்டார்.

உள்ள வர முடியல. நீங்க சிரிச்சதுனால இல்ல. அப்படி நினைச்சுக்காதீங்க. கால் வரல.

உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினேன். எதுன்னு உங்களுக்குத் தெரியும். அதைத் திருப்பி எடுத்துக்கறேன்னு எழுதினா போதாதுன்னும் தெரியும். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல இருக்கேன். விலாசம் பின்னாடி எழுதியிருக்கேன். பதினெட்டாம் தேதி அடுத்த கப்பல்.

— நான்


அக்டோபர் 13

சின்னவனுக்கு,

கடிதம் இன்னிக்குக் காலையில கிடைச்சுது. இதைக் கூரியர்ல அனுப்பறேன், நாளைக்கே வந்துடும்னு சொன்னாங்க.

நீ வந்தது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குப் பர்கர் குடுத்தனுப்பிட்டு ஃப்ரைஸ் எடுக்க உள்ள திரும்பினப்ப வாசல் கண்ணாடி வழியாத் தெரிஞ்சே. பாதி முகம்தான் தெரிஞ்சுது, அது போதாதா எனக்கு? அப்ப பாத்து எண்ணெயில கூடை இறங்கியிருக்கு. பொரிக்கற பையன் ஸ்டோருக்குப் போயிருக்கான். எண்ணெய் காயும்போது ஆள் நகரக் கூடாதுன்னு நீதானே எழுதினே. கூடையை எடுக்கற வரைக்கும் நின்னேன். என் வாழ்க்கையில அவ்வளவு நீளமா ஒரு நேரம் போனதில்ல. எடுத்து வச்சிட்டு வெளிய ஓடி வந்தா ஸ்டூல் மட்டும் கிடக்குது. தொப்பியும் ஏப்ரனுமாத் தெரு முனை வரைக்கும் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனியா, மார்க்கெட் பக்கம் போனியான்னு தெரியல. அவசரத்துல உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாலு பேர் திரும்பினாங்க, நீ இல்ல.

நான் சிரிச்சதைப் பத்தி எழுதியிருந்தே. அந்தக் குழந்தை என்னைப் பாத்து, "பாட்டி, எனக்கு வெங்காயம் வேண்டாம்"னுச்சு. பாட்டின்னு என்னை ஒரு பிள்ளை கூப்பிடறது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

கடை ஓடுது. ஆஹா ஓஹோன்னு இல்ல, ஓடுது. கையில ரெண்டு இடத்துல சூடு பட்டிருக்கு. ராத்திரி படுத்தா உடம்பெல்லாம் வலி. ஆனா தூங்கறேன்டா. ஒரு வருஷமா தூங்காதவ தூங்கறேன். உங்க அண்ணனை மறந்துட்டேன்னு யாராவது சொன்னா சொல்லிக்கட்டும். நீ அப்படி நினைக்காதே.

திங்கக்கிழமை கடை லீவு. யாரும் வர மாட்டாங்க. ஷட்டரைப் பாதி தூக்கி வச்சிருப்பேன். குனிஞ்சு வா. என்ன பேசறதுன்னு லாட்ஜ்ல உக்காந்து யோசிக்காதே. பேசலைன்னாலும் பரவாயில்ல. சாப்பிடாம வா.

அண்ணி


அக்டோபர் 20

அண்ணி,

கப்பல் கிளம்பிடுச்சு. அடுத்த துறைமுகத்துல இதைப் போடுவேன்.

நான் வாங்கிக் குடுத்த களிம்பைச் சூடு பட்ட இடத்துல தினமும் போடுங்க. வேலை இருக்குன்னு விட்டுடாதீங்க. திங்கக்கிழமை நான் வந்தப்ப அவ்வளவு நேரம் ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தோம். கிளம்பும்போதுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு வந்துச்சு, அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. சொல்ல நினைச்சதுல பாதி கூடச் சொல்லல. அடுத்த லீவுக்கு நேரா வீட்டுக்குத்தான் வருவேன். என் கட்டில்ல முட்டி இடிச்சுக்கிட்டே இருங்க அதுவரைக்கும்.

ஒண்ணு எழுதணும். கப்பல்ல சேரும்போது ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஒரு கேள்வி கேப்பாங்க. "உனக்கு ஏதாவது ஆயிட்டா யாருக்குச் சொல்லணும்?" இத்தனை வருஷமா அண்ணனைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். போன தடவை, அவர் போனப்புறமும், அண்ணனைத்தான் சொன்னேன். அவர் நம்பரைத்தான் குடுத்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்த நம்பருக்குத்தான் அடிச்சிருப்பாங்க. அடிச்சுக்கிட்டே இருந்திருப்பாங்க.

இந்தத் தடவை உங்களைச் சொன்னேன். கேட்ட ஆபீசர் வேற நாட்டுக்காரர். "என்ன உறவு?"ன்னார். "அண்ணி"ன்னேன். அவருக்குப் புரியல. அண்ணனோட மனைவின்னு விளக்கினேன். "அப்ப அண்ணனையே போடலாமே, இருக்கார்தானே?"ன்னார்.

"இல்ல. இறந்துட்டார்"னேன். அதை நான் வாய் திறந்து இன்னொருத்தர்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பேனாவைக் கீழ வச்சார். அப்புறம், "அண்ணன் இல்லைன்னா இவங்க உனக்கு இப்ப என்ன உறவு?"ன்னு கேட்டார். கிண்டலா இல்ல, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டார். எனக்குப் பின்னாடி வரிசை காத்துக்கிட்டு நின்னுச்சு.

"அண்ணிதான்"னேன்.

அவர் பாஷையில அதுக்கு வார்த்தை இல்லையாம். நான் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி அப்படியே எழுதிக்கிட்டார்.

— சின்னவன்